ஓட்டை விழுந்த தொப்பிகளுக்கு ஒரு நூற்றாண்டு மரியாதை!

போரில் ஒரு சிப்பாயின் தொப்பியில் குண்டு பாய்ந்து ஓட்டை விழுந்துவிட்டால் என்ன செய்வார்கள்? ஒட்டுப் போடுவார்கள். முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொடுப்பார்கள்.

ரஷ்யாவில் ஒரு படைப்பிரிவுக்கு மட்டும் நேர்மாறான உத்தரவு வந்தது. "ஓட்டையை அடைக்காதே. நசுங்கியதை நிமிர்த்தாதே. போர்க்களத்தை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே போட்டுக்கொள்." இதுதான் 1808-ல் ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர் போட்ட உத்தரவின் சாரம். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஓட்டைத் தொப்பிகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, அணிவகுப்புகளில் பளபளத்தன.

பாவ்லோவ்ஸ்கி கிரனேடியர் படைப்பிரிவின் பித்தளைத் தொப்பிகள் அவை. அவற்றின் கதையைத் தெரிந்துகொள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மையப்பகுதியில் ஒரு சிறிய நடை போனாலே போதும். மிகைலோவ்ஸ்கி கோட்டையில் தொடங்கி அரண்மனைச் சதுக்கத்தில் முடியும் இந்தப் பாதையில், நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிடலாம்.

குண்டு எறிபவனுக்கு விளிம்பு எதற்கு?

முதலில் ஒரு சின்ன விளக்கம். 'கிரனேடியர்' என்றால் கையெறி குண்டு வீசும் சிப்பாய். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளில் இவர்கள் உருவானார்கள். திரியைப் பற்றவைத்து, கனமான இரும்புக் குண்டை எதிரியின் மேல் வீச வேண்டும். அதற்கு உயரமும் தோள்பலமும் நெஞ்சுரமும் வேண்டும். அதனால் படையிலேயே வாட்டசாட்டமான ஆட்களைப் பொறுக்கியெடுத்து கிரனேடியர் ஆக்கினார்கள்.

அந்தக் காலத்துச் சிப்பாய்கள் அகன்ற விளிம்பு வைத்த தொப்பி அணிந்தவர்கள். குண்டு வீச வேண்டுமானால் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கியை வாரோடு தோளில் மாட்டப் போனால் தொப்பியின் விளிம்பு இடித்தது. அதனால் விளிம்பே இல்லாத தொப்பி ஒன்றை இவர்களுக்காகத் தைத்தார்கள். போகப்போக அதன் உயரம் கூடியது. ஏற்கெனவே உயரமான ஆள், தலையில் உயரமான தொப்பி... எதிரே நிற்பவனுக்கு வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

நெப்போலியன் காலம் வந்தபோது கையெறி குண்டு வீசும் வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் பெயரும் தொப்பியும் தங்கிவிட்டன. லண்டன் அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பியோடு அசையாமல் நிற்கும் காவலர்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொப்பியும் இதே கிரனேடியர் குடும்பத்தின் வாரிசுதான். நெப்போலியனின் சொந்தக் காவல்படை கிரனேடியர்களும் கரடித்தோல் தொப்பிதான் அணிந்தார்கள்.

ரஷ்யாவின் பாவ்லோவ்ஸ்கி தொப்பி வேறு ரகம். நெற்றிக்கு மேல் கூம்பு போல உயர்ந்து நிற்கும் பித்தளைத் தகடு. அதில் ரஷ்யப் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகு புடைப்பாக அச்சடிக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் துணி. பார்ப்பதற்கு ஒரு பாதிரியாரின் கிரீடம் போலத் தெரியும். தகடு மெல்லியது. வெயிலில் மின்னும், மழையில் நனையும். ஆனால் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது.

முதல் நிறுத்தம்: மன்னர் கொல்லப்பட்ட கோட்டை

நடையைத் தொடங்க வேண்டிய இடம் மிகைலோவ்ஸ்கி கோட்டை. இந்தத் தொப்பிகளின் மீது ஆசை வைத்த மன்னர் முதலாம் பால் கட்டிய அரண்மனை இது.

இவருக்கு முன்பு ஆட்சி செய்தவர் இவரது தாய் மகாராணி கேத்தரின். அவர் காலத்தில் தளபதி பொட்டெம்கின், 1780-களில் ரஷ்யச் சிப்பாயின் உடையை எளிமையாக்கினார். தலைமுடிக்கு மாவு பூசுவது, சுருள் வைப்பது, பின்னல் போடுவது எல்லாம் வேண்டாம். எழுந்ததும் தயாராகிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. தலைக்கு வசதியான ஒரு கவசத் தொப்பியையும் கொடுத்தார்.

1796-ல் பால் அரியணை ஏறினார். தாய் காலத்து ஏற்பாடுகள் பலவற்றையும் மாற்றினார். அவருக்குப் பிரஷ்யா நாட்டுப் படையின் மிடுக்கின் மேல் தீராத மோகம். மாவு திரும்பி வந்தது, பின்னல் திரும்பி வந்தது, பித்தளைத் தகடு வைத்த உயரத் தொப்பியும் வந்தது. அதே 1796-ல் மாஸ்கோ கிரனேடியர் படையின் இரண்டு பட்டாளங்களைப் பிரித்து ஒரு புதிய படையை உருவாக்கினார். அதற்குத் தன் பெயரையே வைத்தார். 'பாவ்லோவ்ஸ்கி' என்றால் 'பாலுடைய படை' என்று பொருள்.

மன்னர் பாலுக்குச் சப்பை மூக்கு. அவர் நினைவாக, சப்பை மூக்குக்காரர்களைத் தேடிப்பிடித்து இந்தப் படையில் சேர்க்கும் வழக்கம் பிற்காலத்தில் உருவானது. வேறு எந்தப் படையிலும் கேலிக்கு ஆளாகும் மூக்கு, இங்கே தகுதிச் சான்றிதழ் ஆனது!

பாதுகாப்புக்காக அகழி வெட்டிக் கட்டிய இந்தக் கோட்டையில் பால் வாழ்ந்தது சுமார் 40 நாள்கள்தான். 1801 மார்ச் மாதம் ஓர் இரவில், சொந்த அதிகாரிகளே படுக்கையறைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். மகன் அலெக்சாண்டர் மன்னரானார்.

நெற்றியும் தகடும்

மன்னர்கள் கதை இருக்கட்டும். அந்தத் தொப்பியைத் தலையில் சுமந்தது யார்?

பெரும்பாலும் பண்ணையடிமைகளான குடியானவர்கள். கிராமத்துக்கு இத்தனை ஆள் என்று அரசு கணக்குக் கேட்கும். பண்ணையாரோ, ஊர்க் கூட்டமோ யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும். போனவன் 25 ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும். இருபது வயதில் போனால் நாற்பத்தைந்தில்தான் விடுதலை, அதுவும் உயிரோடு இருந்தால். அதனால் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் வீட்டுப் பெண்கள் சாவுக்கு ஒப்பாரி வைப்பது போலவே அழுதார்கள்.

புதிதாகச் சேர்ந்தவன் ஓடிப்போனால் அடையாளம் தெரிய வேண்டுமே? அதற்காக முன்நெற்றி முடியை மழித்துவிடுவார்கள். 'நெற்றியை மழிப்பது' என்றாலே பட்டாளத்தில் சேர்ப்பது என்று ரஷ்ய மொழியில் பொருள் வந்துவிட்டது. அப்படி மழிக்கப்பட்ட நெற்றிக்கு மேல்தான் இந்தப் பித்தளைத் தகடு ஏறியது.

அலெக்சாண்டர் மன்னரானதும் காலத்துக்கேற்ப உடையை மாற்றத் தொடங்கினார். 1805 வாக்கில் பழைய பித்தளைத் தொப்பிகளுக்குப் பதிலாக உருளை வடிவத் தொப்பிகள் வந்தன. கிரனேடியர்களுக்கு அதன் மேல் உயரமான கறுப்புக் கொண்டை. நெற்றியில் மூன்று சுடர்கள் விட்டெரியும் கையெறி குண்டுச் சின்னம். குண்டு வீசும் தொழில் போய்விட்டாலும் சின்னத்தில் குண்டு உயிரோடு இருந்தது!

ஆனால் பாவ்லோவ்ஸ்கி படை இன்னும் பழைய பித்தளைத் தொப்பியோடுதான் இருந்தது. அந்த நிலையிலேயே நெப்போலியனுக்கு எதிரான 1806-07 போருக்குக் கிளம்பியது.

ப்ரீட்லாந்து: ஆறு முதுகுக்குப் பின்னால்

இங்கே நடையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வரைபடத்தில் மேற்கே போக வேண்டும். பால்டிக் கடலோரம், ரஷ்யாவின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் தனித்துக் கிடக்கும் கலினின்கிராட் மாநிலம். அங்கே கலினின்கிராட் நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் லாவா ஆற்றங்கரையில் இருக்கிறது ப்ராவ்தின்ஸ்க் என்ற சிற்றூர். பழைய தேவாலயம், செங்கல் வீடுகள், அமைதியான தெருக்கள். இதன் பழைய ஜெர்மானியப் பெயர்தான் ப்ரீட்லாந்து.

1807 ஜூன் 14. ரஷ்யத் தளபதி பென்னிக்சன் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தார். எதிரே தெரிந்தது பிரெஞ்சுப் படையின் ஒரு பகுதிதான். சீக்கிரம் முடித்துவிட்டுத் திரும்பலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பியது. பொழுது ஏற ஏற பிரெஞ்சுப் படைகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. நெப்போலியனே வந்துவிட்டார். ரஷ்யர்களின் முதுகுக்குப் பின்னால் ஆறு வளைந்து ஓடியது. பின்வாங்கச் சில பாலங்கள் மட்டுமே இருந்தன.

மாலையில் நெப்போலியன் தாக்குதலைத் தொடங்கினார். பிரெஞ்சுத் தளபதி செனார்மோன் 30-க்கும் மேற்பட்ட பீரங்கிகளைத் தள்ளிக்கொண்டு மிக அருகில் வந்து, ரவைக் குண்டுகளை வாரி இறைத்தார். ஒவ்வொரு முழக்கத்துக்கும் சிப்பாய்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தார்கள்.

இந்த நெருப்புக்குள் நின்ற படைகளில் ஒன்று பாவ்லோவ்ஸ்கி. அதன் தலைவர் மேஜர் ஜெனரல் நிகோலாய் மசோவ்ஸ்கிக்குக் கையிலும் காலிலும் காயம். குதிரையில் உட்கார முடியவில்லை. இரண்டு கிரனேடியர்களைத் தன்னைத் தூக்கச் சொல்லி, படைக்கு முன்னால் போனார். அப்படிச் சுமந்தபடியே கடைசித் தாக்குதலுக்குப் படையை நடத்தினார். ரவைக் குண்டு பாய்ந்து அங்கேயே உயிரை விட்டார். 19-ஆம் நூற்றாண்டில் அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் ப்ராவ்தின்ஸ்க்கில் நிற்கிறது.

போரில் ரஷ்யா தோற்றது. பாலங்கள் எரிந்தன. பலர் ஆற்றில் இறங்கித் தப்ப முயன்றார்கள், பலர் மூழ்கினார்கள். அதே மாதத்திலேயே டில்சிட் நகரில், ஆற்றின் நடுவே மிதந்த ஒரு தெப்பத்தில் அலெக்சாண்டரும் நெப்போலியனும் சந்தித்து சமாதானம் பேசினார்கள்.

பெயர் பொறித்த பித்தளை

தோற்றுத் திரும்பிய படைக்கு என்ன பரிசு கொடுப்பது? பதக்கம், கொடி, எக்காளம் என்று பல வழக்கங்கள் உண்டு. பாவ்லோவ்ஸ்கி படைக்குக் கிடைத்தது விநோதமான பரிசு.

மற்றவர்கள் எல்லாரும் புதுத் தொப்பிக்கு மாறட்டும். இவர்கள் மட்டும் பழைய பித்தளைத் தொப்பியையே வைத்துக்கொள்ளட்டும் என்றார் மன்னர். குண்டு துளைத்ததும், வாள் வெட்டியதும், சிதறல் பட்டு நசுங்கியதும் அப்படியே இருக்கட்டும். அதோடு, போரில் அவற்றை அணிந்திருந்த சிப்பாய்களின் பெயர்களும் தகடுகளில் பொறிக்கப்பட்டன.

அந்தப் பெயர்கள்தான் இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம். அந்தக் காலத்துப் போர்க் கதைகளில் தளபதிகளுக்குத்தான் பெயர் உண்டு. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டுமே. பண்ணையடிமையாகப் பிறந்து, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாமல், ஊர்க் கணக்கில் ஓர் ஆளாக அனுப்பப்பட்டவன். அவன் பெயர் பித்தளையில் ஏறியது. அவன் செத்த பிறகும் இன்னொருவன் தலையில் அந்தப் பெயர் அணிவகுப்புக்குப் போனது.

அடுத்த போர் 1812-ல் வந்தது. நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ளேயே நுழைந்தபோது, ரஷ்யப் படையில் பெரும்பாலானோர் மேற்புறம் குழிந்த புதுவகைத் தொப்பி அணிந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பாவ்லோவ்ஸ்கி ஆட்களை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். கிளாஸ்டிட்ஸி என்ற இடத்தில் அவர்களில் ஒரு பட்டாளம் எரிந்துகொண்டிருந்த பாலத்தின் வழியாகவே ஓடி எதிர்க்கரையைப் பிடித்தது. ஜெர்மானிய ஓவியர் பீட்டர் ஹெஸ் அந்தப் போரை ஓவியமாகத் தீட்டினார். போரோடினோ களத்திலும் இந்தப் படை நின்றது. 1813-ல் பாவ்லோவ்ஸ்கி, மன்னரின் காவல்படை வரிசைக்கு உயர்த்தப்பட்டது.

இரண்டாம் நிறுத்தம்: மார்ஸ் திடல்

மீண்டும் பீட்டர்ஸ்பர்க். கோட்டையிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் மார்ஸ் திடல். இன்று புல்வெளியும் பூச்செடிகளும் நிறைந்த பூங்கா. கோடையின் தொடக்கத்தில் லைலாக் பூக்கள் மணக்கும். அப்போது இது அணிவகுப்பு மைதானம். ஆயிரக்கணக்கான பூட்ஸ் கால்கள் மிதித்து மிதித்துப் புல் முளைக்காமல் தூசி பறந்ததால், ஊர்க்காரர்கள் இதை 'பீட்டர்ஸ்பர்க்கின் சகாரா' என்று கிண்டல் செய்தார்கள்.

திடலின் மேற்குப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெள்ளைத் தூண்களோடு நிற்கும் நீண்ட கட்டடம்தான் பாவ்லோவ்ஸ்கி படையின் பாசறை. கட்டடக் கலைஞர் வசீலி ஸ்தாசொவ் வடிவமைப்பில் 1817-ல் கட்டத் தொடங்கியது.

அணிவகுப்பிலும் இந்தப் படைக்கு ஒரு தனிச் சலுகை. மற்ற படைகள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி மன்னரைக் கடந்து போகும். பாவ்லோவ்ஸ்கி மட்டும் துப்பாக்கியை முன்னால் நீட்டி, கத்திமுனை எதிரியைப் பார்ப்பது போலப் பிடித்தபடி, பாய்ந்து தாக்கும் தோரணையிலேயே நடக்கும். ப்ரீட்லாந்தை நினைவுபடுத்தும் நடை அது. மேலே வரிசையாகப் பித்தளைத் தகடுகள். அவற்றில் அங்கங்கே ஓட்டைகள். கவிஞர் புஷ்கின்கூட இந்தத் திடலின் அணிவகுப்பைப் பாடும்போது, போரில் துளைபட்ட அந்தச் செம்பொளிர் தொப்பிகளைக் குறிப்பிடாமல் விடவில்லை.

மூன்றாம் நிறுத்தம்: கால்வாய்க் கரை

திடலின் தெற்கே வண்ண வண்ணக் குவிமாடங்களோடு ஒரு தேவாலயம் தெரியும். சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் இடம். அதை ஒட்டி ஓடும் கால்வாய்க்கு இன்று கிரிபொயேதவ் கால்வாய் என்று பெயர். 1917-ல் கேத்தரின் கால்வாய்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் நகரில் ரொட்டிக்கே தட்டுப்பாடு. உலகப்போர் மூன்றாவது ஆண்டாக நீடித்தது. தொழிலாளர்களும் பெண்களும் தெருவில் இறங்கினார்கள். ரஷ்யாவின் பழைய நாள்காட்டிப்படி பிப்ரவரி 26 அன்று நெவ்ஸ்கி சாலையில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்டவர்களில் பாவ்லோவ்ஸ்கி படையின் பயிற்சிப் பிரிவும் இருந்தது.

செய்தி அதே படையின் 4-வது கம்பெனிக்கு எட்டியது. "நம்ம ஆட்களே ஜனங்களைச் சுடுகிறார்களா?" என்று கொதித்த அந்தச் சிப்பாய்கள், சூட்டை நிறுத்துவதற்காகத் தாங்களாகவே வெளியே கிளம்பினார்கள். கால்வாய் அருகே குதிரைப் போலீசாரோடு மோதல் மூண்டது. அன்று மாலை அவர்கள் அடக்கப்பட்டார்கள். 19 பேர் கைதாகி பீட்டர் பால் கோட்டைச் சிறைக்குப் போனார்கள். ஆனால் மறுநாள் விடிந்ததும் வோலின்ஸ்கி படை எழுந்தது. அடுத்தடுத்து மற்ற படைகளும் மக்கள் பக்கம் சாய்ந்தன. சில நாள்களில் ஜார் ஆட்சியே கவிழ்ந்தது.

மன்னரின் பெயரைத் தாங்கிய படையிலிருந்துதான் முதல் விரிசல் விழுந்தது. 1807-ல் பீரங்கி முன்னால் அசையாமல் நின்றதற்குத் தைரியம் வேண்டும். 1917-ல் சொந்த மக்களைச் சுட மாட்டோம் என்று வெளியே வந்ததற்கும் தைரியம் வேண்டும். முதல் தைரியத்துக்கு மன்னர் பித்தளையில் பெயர் பொறித்தார். இரண்டாவதற்குக் கிடைத்தது சிறை.

அந்தப் புரட்சியில் இறந்தவர்களை எங்கே புதைப்பது என்ற கேள்வி வந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மார்ஸ் திடல். ஓட்டைத் தொப்பிகள் அணிவகுத்த அதே மண். அங்கே 1957-ல் ஏற்றிய அணையாச்சுடர் இன்றும் எரிகிறது. 1918-ல் பாவ்லோவ்ஸ்கி படை கலைக்கப்பட்டது. பாசறை மட்டும் திடலைப் பார்த்தபடி நிற்கிறது.

கடைசி நிறுத்தம்: அரண்மனைச் சதுக்கம்

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் அரண்மனைச் சதுக்கம். எதிரே குளிர்கால அரண்மனை, அதுதான் இன்றைய ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம். உள்ளே 1826-ல் திறந்த '1812 போர் அரங்கம்' இருக்கிறது. சுவர் முழுக்க 300-க்கும் மேற்பட்ட தளபதிகளின் ஓவியங்கள். தீட்டியவர் ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் டோ.

அத்தனை தளபதிகளுக்கு நடுவே அவர் தீட்டிய சில சாதாரணச் சிப்பாய்களின் படங்களையும் தேடிப் பாருங்கள். 1812 போரில் பங்கேற்ற மூத்த சிப்பாய்களைக் கொண்டு 1827-ல் அமைத்த அரண்மனை கிரனேடியர் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு உயரமான கரடித்தோல் தொப்பி. ஒரு காலத்தில் எதிரியாக இருந்த நெப்போலியனின் காவல்படைத் தொப்பியைப் போலவே! சதுக்கத்தின் நடுவே நிற்கும் அலெக்சாண்டர் தூணுக்குக் காவல் இருந்தவர்களும் இவர்கள்தான்.

பாவ்லோவ்ஸ்கி பித்தளைத் தொப்பிகளில் எஞ்சியவை இன்று ஹெர்மிடாஜ் உள்ளிட்ட அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. வைரமும் தங்கமும் மின்னும் அரங்குகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, ஓர் உயரத் தொப்பி பெரிதாகத் தெரியாமல் போகலாம். அவசரப்படாமல் அருகே போய்ப் பாருங்கள். கழுகின் சிறகுக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு துளை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இருந்தால், அதற்கு நேர் பின்னால் ஒரு நெற்றி இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.